கிளவுஸ் தோல் சுற்றிய ஸ்டியரிங்

ஸ்டியரிங்குக்குத் தோல் சுற்ற வேண்டும் என்று யாராவது வந்தால், வண்டியைப் பார்ப்பதற்கு முன் அவர்களுடைய உள்ளங்கையைக் காட்டச் சொல்வேன். "இன்னாக்கா, ஜோசியமும் பாக்கறீங்களா?" என்று சிரிப்பார்கள். வியர்க்கிற கையா, காய்ந்த கையா, எந்த விரலில் மோதிரம் என்று பார்த்துக்கொள்வேன். தொடக்கத்தில் எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ஏலகிரி மலைக்குப் போய்த் திரும்பிய பிறகு வந்தது.

பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களை வீட்டிலேயே பிரித்துச் சேர்க்கிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். சீட் உறையை எப்படி வெட்டுவது, தையலை எங்கே முடிப்பது என்பதெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன. என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். அவற்றில் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருந்தவள். வெளிநாட்டிலிருந்து வரும் படத்தைப் பார்த்து முதல் ஜோடியைத் தைத்துக் காட்டும் பிரிவு அது. தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டுச் சேர்ந்தேன். பிறகு அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனேன். முழங்கால் வலி வந்ததும் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். மகன் டேனி மெக்கானிக்கல் படித்தவன். படித்த படிப்புக்கு வேலைக்குப் போவான் என்று நான் காத்திருந்தபோது, ஒருநாள் காலை ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கார் இறங்கியது. இறங்கியது என்பதைவிட இறக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். அதற்குச் சக்கரம் மூன்றுதான் இருந்தன.

இரண்டே கதவு. தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. வேண்டும்போது மட்டும் மேலே எழும்பும் முன்விளக்குகள். அவற்றில் ஒன்று எழும்பிய நிலையிலேயே நின்றுபோயிருந்தது, இன்னொன்று மூடிக்கிடந்தது. எங்கள் குடும்பத்தைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி இருந்தது.

"இன்னாடா இது, காரா கருவாடா?" என்றேன்.

"மா, இது உன்னவிட வயசுல சின்னது. மரியாதையா பேசு."

அந்தக் கருவாட்டைச் சரிசெய்யத்தான் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டோம். என் கணவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. ஷிஃப்ட் முடிந்து வரும் நாட்களில் அவரே கம்பம் நட்டு, தகரம் ஏற்றித் தந்தார். கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய தையல் மெஷின் ஒன்றை நான் வாங்கி வந்தேன். அதுவும் ஜப்பான்தான். "ரெண்டு பேரும் ஒரே ஊருக்காரங்க, சண்டை போட மாட்டாங்க" என்பான் டேனி. மெஷினுக்கு எதிரே காரை நிறுத்தி, பாட்டைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்காருவோம். அவன் இஞ்சின், நான் உள்அலங்காரம். காற்று பாலாற்றுப் பக்கமிருந்து திரும்பினால் தோல் பதனிடும் ஷெட்டுகளின் நெடி உள்ளே வரும். அவன் மூக்கைப் பிடிப்பான். எனக்கு அது சம்பளம் வாங்கிய நாட்களின் வாசனை.

முதன்முதலாக அந்தக் காரின் சீட் உறையைப் பிரித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். உறையின் உட்பக்கத்தில், வெளியே ஒருபோதும் தெரியாத இடத்தில், பென்சிலால் சின்னக் கோடும் அதன் குறுக்கே ஒரு சுழியும் இருந்தன. இடதையும் வலதையும் மாற்றிவிடாமலிருக்க நாங்கள் சாம்பிள் ரூமில் போட்டுக்கொள்கிற அதே மாதிரி அடையாளம். எங்கோ ஒரு தொழிற்சாலையில், என்னைப் போல ஒருத்தி, மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரமாகக் கிறுக்கியிருப்பாள். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று முடிந்ததும் இன்னொன்று வந்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இஞ்சினுக்காக வந்தவர்கள் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத யாரு தெச்சாங்க?" என்று கேட்பார்கள். டேனி என்னைக் காட்டுவான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு முறை அந்த வருடங்களைக் கொடுத்தால் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்வேன்.

இனி அந்த வெள்ளை வண்டி.

அதன் சொந்தக்காரர் ஏலகிரி மலைமேல் வீடு கட்டிக்கொண்டு குடியேறியவர். அமைதியான மனிதர், கார் என்றால் மட்டும் குழந்தை. பழைய பெரிய ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டியில் இருப்பது போலச் சின்னதாக ஒன்று போடச் சொன்னார். நடுவில் மூன்று இரும்புக் கம்பி, சுற்றிலும் பருத்த வட்டம். வட்டம் அங்கங்கே வெடித்திருந்தது. டேனி வெடிப்பை அடைத்து, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தான். "இதுக்கு மேல எது சுத்துனாலும் அழகாதான் இருக்கும் மா" என்றான்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் பக்கத்தில் செய்கிற தோல்களிலேயே உயர்ந்தது கிளவுஸ் தோல் என்பது எங்களுக்குள் இருக்கும் எண்ணம். ஆட்டுத் தோல், காகிதம் போல மெலிசு, கைக்குள் உருகும். கைக்குப் போடுவதற்கென்றே பிறந்த தோல். கை பிடிக்கும் பொருளுக்கு இதைவிட எது பொருந்தும்? சொந்தக்காரரிடம் ஒரு துண்டைக் கொடுத்தேன். விரலால் தடவிவிட்டு, "அக்கா, இதுதான்" என்றார்.

ஷூவில் செய்வது போலவே செய்தேன். ஷூவுக்கு, பாதம் போன்ற மர அச்சின் மேல் தோலை ஈரமாக இழுத்துப் பிடித்துக் காயவிட்டால், அச்சைக் கவ்விக்கொள்ளும். இங்கேயும் ஈரமாக இழுத்து, உள்விளிம்பில் நெருக்கமாகத் தைத்தேன். பசை போடவில்லை. மெலிசுத் தோலில் பசை ஊறினால் கறை தெரியும், மெத்தென்ற தன்மையும் போய்விடும். காய்ந்ததும் தோல் வட்டத்தின் மேல் இன்னொரு தோலாகவே உட்கார்ந்திருந்தது. என் வாழ்நாளில் நான் தைத்ததிலேயே அழகானது அது. அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

ஹைவேயில் பள்ளிகொண்டா வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி இருந்தது. ஹைவே நேர்ச்சாலை என்பது இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

வண்டியை ஒப்படைக்க மலைக்குக் கிளம்பியது வெயில் காலம். நான் பக்கத்து சீட்டில். மலையடியில் இருக்கும் பொன்னேரி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் டேனி பாட்டை நிறுத்தினான். பேச்சையும் நிறுத்தினான். வண்டியின் சத்தத்தைக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, அதில் சின்ன ஸ்டியரிங். கொண்டை ஊசி வளைவுகளில் உடம்பையே சாய்த்து இழுக்க வேண்டியிருந்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. உள்ளங்கையை அடிக்கடி பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

ஓர் இடது வளைவு. பாதி திரும்பியிருக்கிறோம். மேலேயிருந்து ஒரு பஸ், நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு இறங்குகிறது. அப்போது தற்செயலாக ஸ்டியரிங்கைப் பார்த்தேன். கம்பியின் ஓரத்தில் தோல் விலகி, உள்ளே இருக்கும் கறுப்பு வட்டம் விரல் அகலத்துக்குத் தெரிந்தது. கம்பிக்கு மறுபுறம் தோல் சுருங்கி மடிந்துகிடந்தது. டேனியின் கைகள் திரும்புகின்றன, தோலும் கூடவே போகிறது, வட்டம் போகவில்லை. வண்டி திரும்ப வேண்டிய அளவு திரும்பாமல் பஸ்ஸின் பாதைக்குள் போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கு நான் சொல்ல விரும்பிய முதல் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

சாம்பிள் ரூமில் புதுப் பெண்கள் மெஷினில் உட்காரும்போது, விரல் ஊசிக்குக் கீழே போவதை நாம் பார்த்துவிடுவோம். அப்போது கத்தக் கூடாது. கத்தினால் பதறிக் காலை அழுத்திவிடுவாள், ஊசி விரலில் இறங்கிவிடும். "ஐயோ" என்பதும் கூடாது, "பாத்து" என்பதும் கூடாது. அடுத்து அவள் உடம்பு என்ன செய்ய வேண்டுமோ அதை மட்டும், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொல்ல வேண்டும். "கால எடும்மா." அவ்வளவுதான்.

என் தொண்டைக்குள் "பிரேக்" என்ற வார்த்தை வந்து நின்றது. பிரேக் போட்டால் வண்டி நின்றுவிடும், பஸ்ஸுக்கு நேர் எதிரே. இறங்குகிற பஸ் நிற்காது. அந்த வார்த்தையை விழுங்கினேன்.

"டேனி, வட்டத்த உடு. கம்பிய புடிச்சி இழு."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. இரண்டு கைகளும் வட்டத்திலிருந்து இறங்கி இரும்புக் கம்பிகளைப் பிடித்தன. கம்பியில் பிடித்தால் இன்னும் கனக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வண்டியின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் என் மகனின் ஜன்னலை ஒட்டினாற்போல ஓடிக்கொண்டே இருந்தது. அது முடியவே முடியாத பஸ் போலிருந்தது. பிறகு வெறும் சாலை வந்தது.

மீதி வளைவுகளை ஊர்ந்து, கம்பியைப் பிடித்தபடியே ஏறினான்.

மேலே சொந்தக்காரர் வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது, எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. அவருடைய மனைவி பட்டுப்புடவையில் நின்றார். ஜோலார்பேட்டையில் மனைவியின் அப்பா ரயிலில் வந்து இறங்கப்போகிறார், இந்த வண்டியிலேயே கணவனும் மனைவியுமாகப் போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. அதாவது, இதே மலையில், இதே ஸ்டியரிங்கோடு, இறக்கத்தில்.

டேனி என் முழங்கையைப் பிடித்து வேலி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"மா, இப்ப ஒண்ணும் சொல்லாத. நானே ஓட்டிட்டு வர்றேன்னு சொல்றேன். கம்பிய புடிச்சே ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வந்துடுவேன். அப்பறம் ஏதோ சாக்கு சொல்லி எடுத்துட்டுப் போயி மாத்திடலாம்."

"அவரு உனக்கு சாவிய குடுப்பாரா? எத்தினி மாசமா காத்துனு இருக்காரு."

"நான் பேசிக்கிறேன். நீ பேசாத. ஜனங்க முன்னாடி பேஜாராயிடும்."

அவன் பேசுவதற்குள் சொந்தக்காரர் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். மனைவியும் மறுபக்கம் ஏறினார். அவர் வட்டத்தை இரண்டு கையாலும் தடவினார். மேலே ஏறும்போது விலகிய தோலை டேனி எப்போதோ இழுத்துச் சரிசெய்திருந்தான். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

"அக்கா, பட்டு கெட்டுது போங்க."

"சார், கொஞ்சம் இறங்குங்க."

"ஃபோட்டோவா? வந்து எடுத்துக்கலாம்கா, ட்ரெயின் வந்துடும்."

"ஃபோட்டோ இல்ல சார். ஸ்டியரிங் தோல் வழுக்குது. வளைவுல எங்களுக்கே கைமீறிப் போச்சி."

அவர் மறுபடி தடவிப் பார்த்தார். சிரித்தார். "இதுவா? புதுசு இல்ல, அப்படிதான் இருக்கும். நான் மெதுவா போறேன்கா."

அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அழகாக இருக்கும் ஒரு பொருள் ஆளைக் கொல்லும் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னும் நாலு வாக்கியம் விளக்கலாம், அவர் இன்னும் மெதுவாகப் போவதாகச் சொல்வார், சாவி அவர் கையில் இருக்கிறது. கைப்பையிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்தேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வட்டத்தின் உள்விளிம்பில் தையலை ஓரிடத்தில் அறுத்து, நூலை அப்படியே இழுத்துக்கொண்டே வந்தேன். நான் போட்ட தையல்தானே, எங்கே அறுத்தால் மொத்தமும் வரும் என்று எனக்குத் தெரியும். தோல் வாழைப்பழத் தோல் போல உரிந்து அவர் மடியில் விழுந்தது.

முதலில் பேசியது அவருடைய மனைவி.

"இதுக்குதான் இத்தினி மாசம் காக்க வெச்சீங்களா? நல்ல நாளும் அதுவுமா கத்தியோட வந்து நிக்கறாங்க."

"ஆமாம்மா" என்றேன்.

சொந்தக்காரர் மடியில் கிடந்த தோலை எடுத்து மடித்து என்னிடம் நீட்டினார். அவர் கை ஈரமாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். வீட்டிலிருந்த வேறு காரில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஷூவில் தோலை அச்சின் மேல் இழுத்த பிறகு, அடியில் பசை போட்டு அதை அசையாமல் பூட்டிவிடுவோம். ஸ்டியரிங்குக்கு அடி கிடையாது, சுற்றி வந்தால் வட்டம்தான். கிளவுஸ் தோலின் பெருமையே கை போகும் பக்கம் கூடப் போவது. வேண்டியது எதுவோ, அதற்கு நேர் எதிரான குணம் அது. இதையெல்லாம் மலையிலிருந்து இறங்கும்போது நான் யோசித்துக்கொண்டு வந்தேன். டேனி அதே வண்டியை, வெறும் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். அது சொரசொரப்பில்லாமல் இருந்தாலும் கையோடு திரும்பியது. மலை முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. மானத்தை வாங்கிவிட்டேன் என்று கோபம் என நினைத்தேன்.

மலையடியில் டீக்கடையில் நிறுத்தினான். டீயை வாங்கியவன் குடிக்கவில்லை.

"கோவமாடா?"

"இல்ல."

"பின்ன?"

"எனக்கு ஏற ஆரம்பிச்ச உடனே தெரிஞ்சிடுச்சி மா. தோலு நகருதுன்னு."

என் கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

"தெரிஞ்சுமா ஓட்டின? அவ்ளோ வளைவு? சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

"நீ தெச்சது மா."

"அதுக்கு?"

"அத முடிச்ச அன்னிக்கு உன் மூஞ்ச நீ பாக்கல, நான் பாத்தேன். ஸ்டியரிங்க மடில வெச்சினு, பாப்பாவ வெச்சிக்கிற மாதிரி உக்காந்துனு இருந்த. எப்படி மா சொல்றது?"

வட்டத்தை விடு என்றதும் அவன் ஏன் என்று கேட்காததற்கு எனக்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது. நான் வளர்த்த ஒழுங்கு என்று அதுவரை கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் மகன் ஒவ்வொரு வளைவிலும் அதை உள்ளங்கையில் உணர்ந்துகொண்டு, இறுக்கிப் பிடித்தால் சரியாகிவிடும் என்று இறுக்கி, வியர்வையைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மனசு நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு மலை ஏறியிருக்கிறான். பஸ் வந்த நொடியைக் கனவில் கண்டு பல நாள் எழுந்திருக்கிறேன். அந்தக் கனவு இப்போது குறைந்துவிட்டது. டீக்கடையில் கேட்டது குறையவில்லை.

பிறகு வட்டத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தடித்த மாட்டுத் தோலைப் பசை போட்டு ஒட்டித் தைத்துக் கொடுத்தோம். மெத்தென்று இல்லை. சொந்தக்காரர் வாங்கிக்கொண்டார். மாமனாரை உட்கார வைத்து எடுத்த படத்தை ஒருநாள் டேனிக்கு அனுப்பியிருந்தார், எனக்கு அனுப்பவில்லை. அது போகட்டும்.

நான் இப்போது தைப்பது குறைவு. முழங்காலோடு கண்ணும் சேர்ந்துகொண்டது. ஷெட்டை டேனி பார்த்துக்கொள்கிறான், நான் வெட்டுவதற்கு அளவு மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன், ஆசைக்கு எப்போதாவது ஒரு ஸ்டியரிங். உங்களில் பலர் வீட்டில்தான் வேலை செய்கிறீர்கள், அப்பாவோடு, அண்ணனோடு, கட்டிக்கொண்டவரோடு. கம்பெனியில் குறை சொல்லவே சம்பளம் வாங்கும் ஓர் ஆள் இருப்பார். வீட்டில் அப்படி யாரும் இல்லை. உங்கள் மேல் பிரியம் உள்ளவர்கள்தான் உங்கள் வேலையை முதலில் ஓட்டிப் பார்க்கப்போகிறார்கள். அவர்களிடம் போய் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் ஒரே பதில்தான் இருக்கும்.

போன வாரம் ஒரு சிவப்பு வண்டிக்கு ஸ்டியரிங் தைத்து மாட்டினேன். டேனி ஏறி உட்கார்ந்து, ஷெட்டுக்குள்ளேயே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். நான் ஷெட்டின் கேட்டை மறித்து நின்றுகொண்டேன்.

"எது சரியில்ல, சொல்லு."

"எல்லாம் நல்லாதான் மா இருக்குது."

"அப்போ இறங்கு. வண்டி எங்கியும் போகல."

"இன்னா மா நீ... ஒண்ணுமே இல்லன்னா நான் எங்க போயி கண்டுபுடிக்கிறது?"

"கண்டுபுடி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவன் சலித்துக்கொண்டு மறுபடி வட்டத்தைப் பிடித்தான். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, முழுச் சுற்று. ஓரிடத்தில் கை நின்றது. கட்டைவிரலால் அந்த இடத்தை இரண்டு முறை அழுத்தினான். என்னைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி அந்த முகத்தில் ஓடியது.

"இங்க ஒரு முடிச்சு குத்துது" என்றான். "ஜாஸ்தி இல்ல. கொஞ்சம்தான்."

நான் கேட்டைத் திறக்கவில்லை. ஊசி எடுத்துவர உள்ளே போனேன்.